தூக்குப்போசியில் வந்த அழுக்கு

அன்புள்ள சம்பந்திக்கு,

இன்று காலை வீட்டில் உங்கள் வாசனை அடித்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் எப்போதும் விபூதியும் சந்தனமும்தான் மணக்கும், அது எனக்குத் தெரியும். நான் சொல்வது மீன் தொட்டி ஃபில்டரின் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே முக்கிப் பிழியும்போது கிளம்புமே ஒரு நெடி, வற்றின குளத்தில் முதல் மழை விழுந்த மாதிரி, அதை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயரே கிடையாது. பின்புறம் வாளியை வைத்துக்கொண்டு நான் இரண்டு பிழி பிழிவதற்குள் என் வீட்டுக்காரி சரசு சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, "அண்ணன் வந்துட்டாருங்களா" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

பெருந்துறையில் என் தம்பி மகன் புதிதாக ஒரு தொட்டி வாங்கியிருக்கிறான். வாங்கின கையோடு மீனையும் விடப் பார்த்தவனைப் போனிலேயே மிரட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன். எங்கள் ஃபில்டரிலிருந்து பாதி ஸ்பாஞ்ச் அவனுக்குப் போகிறது. "பெரியப்பா, நல்லாக் களுவிக் குடுங்க, கார்ல நாறும்" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்புறம் சிரிப்பு வந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகள் நித்யா எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் வாயைத் திறக்க மாட்டாள். கேட்டதற்கு "செரிங்க மாமா", கேட்காததற்கு "இல்லீங்க மாமா". அவ்வளவுதான் அவளுடைய தமிழ். பொழுது சாய்ந்தால் மட்டும் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்காருவாள். வெள்ளகோவிலில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த மீன் தொட்டியை உங்கள் வீட்டம்மா வீடியோ எடுத்து அனுப்புவார். அதை இவள் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். மூன்று தங்க மீன்கள். பெரியது அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இருப்பது, அதனால் அதன் பெயரே பெருசு. சிமெண்டுக் கடைக்காரர் வீட்டில் மீன் எதற்கு என்று நிச்சயத்தின்போதே உங்களிடம் கேட்டேன். "பகலெல்லாம் தூசியவே பாக்கறனுங்க. பொழுதோட கண்ணுக்குக் கொஞ்சம் தண்ணி வேணுமுங்களே" என்றீர்கள்.

சரசுதான் யோசனை சொன்னாள். "புள்ள அந்த மீனுக்குத்தான் ஏங்குது. அதுகளையும் இங்கயே கொண்டாந்துட்டா மனசு இங்க நின்னுக்கும்." அவள் ஒன்று சொன்னால் எங்கள் வீட்டில் அது நடந்துவிடும். என் மகன் கார்த்தி பெரிய தொட்டியாக வாங்கி வந்தான். மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். எலெக்ட்ரிக்கல் கடைக்காரன் வீட்டுத் தொட்டியில் விளக்குக்குக் குறை இருக்கலாமா? மேலே நீல விளக்கு, பின்னால் சீரியல் பல்பு, அடியில் வெள்ளை மணல், நடுவில் பிளாஸ்டிக் கோட்டை. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்த அன்று தளும்பத் தளும்ப நிரப்பி, மோட்டாரைப் போட்டுவிட்டு, உங்களைக் கூப்பிட்டேன்.

"தொட்டி ரெடிங்க சம்பந்தி. மீனக் கொண்டாரலாமுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. தண்ணி மட்டும் கொஞ்சம் பளகட்டுமுங்க."

"சிறுவாணித் தண்ணிங்க."

"அதுக்கில்லீங்க. நல்ல தண்ணிதானுங்க. என்ன, அதுல இன்னும் ஒண்ணுமில்லீங்களே."

"ஒண்ணுமில்லாம இருக்கறதுதானுங்களே நல்ல தண்ணி?"

"ஆமாங்க, ஆமாங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. கோயமுத்தூர்க்காரனை எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வான், சிறுவாணித் தண்ணீரைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டான். "உப்புத் தண்ணியில குளிக்கற ஊருக்காரரு நம்ம தண்ணியப் பழகட்டும்ங்கறாரு பாரு" என்று சரசுவிடம் அன்றைக்கெல்லாம் முனகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நீங்களே வந்தீர்கள். மீன் வரவில்லை. பெரிய எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று வந்தது. சரசுவின் தங்கை தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்த நேரம். சம்பந்தி வீட்டிலிருந்து போசி வருகிறதென்றால் அதில் இனிப்புக் கச்சாயம் இருக்கும், இல்லாவிட்டால் முறுக்கு இருக்கும். சரசு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்ச் சாமி அலமாரிக்கு முன்னால் வைத்தாள். காபி குடித்தானதும் தங்கை முன்னால் பெருமையாக மூடியைத் திறந்தாள். உள்ளே குளத்துச் சேறு மாதிரி தண்ணீரும், அதில் ஊறிக்கொண்டு வழவழவென்று ஒரு பழுப்பு ஸ்பாஞ்சும். தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு, "சம்பந்தி ஊட்டுச் சீரு வெள்ளகோயில்ல இப்படித்தானாக்கா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். உங்களுக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் விளக்கம் சொன்னீர்கள். மரியாதை குறையாமல் சொன்னதால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க தொட்டியில ஓடிட்டு இருந்ததுங்க. அதுல உசுரு இருக்குதுங்க. போசி அப்படியே இருக்கட்டுமுங்க. பீளமேட்டுல ஒரு விசேசம், தலையக் காட்டிப்போட்டுப் பொழுதோட வந்து நானே மாட்டிக் குடுக்கறனுங்க." நீங்கள் படியிறங்கியதும் நான் டார்ச் அடித்துப் போசிக்குள் உயிரைத் தேடினேன். குட்டி மீனா, நத்தையா, ஒன்றும் அகப்படவில்லை. "ஒண்ணுமில்ல, வெறும் அழுக்குத்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் கழுவாமலும் திருப்பக் கூடாது, வெறுமனேயும் திருப்பக் கூடாது. அதிலும் பெண் கொடுத்த சம்பந்தியின் பொருள் எங்கள் வீட்டில் அழுக்காகக் கிடந்தது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. சரசு அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தென்னை மரத்துக்கு ஊற்றினாள். ஸ்பாஞ்சைப் பாத்திரம் விளக்கும் சோப்பு போட்டு, நுரை நிற்கும்வரை அலசி, போதாதென்று வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயவைத்தாள். போசியைப் பளபளவென்று தேய்த்து அதில் முறுக்கு நிரப்பினாள்.

சொன்னபடி பொழுது சாய நீங்கள் வந்து உட்கார்ந்ததும், தாம்பாளத்தில் வைத்து அந்த ஸ்பாஞ்சை நீட்டினாள். கடையில் வாங்கினது மாதிரி மஞ்சளாக, எலுமிச்சை வாசனையோடு இருந்தது. உங்கள் முகத்தை நான் பார்த்தேன். சிமெண்டு லோடு மழையில் நின்றதைப் பார்த்தவர் முகம். வாயைத் திறந்தீர்கள், மூடினீர்கள். அந்த நேரம் பார்த்து நித்யாவும் வேலை முடிந்து வந்து வாசல்படியில் நின்றாள். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அப்புறம் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ரொம்ப சுத்தமாப் பண்ணிப்போட்டீங்க தங்கச்சி."

சரசுவுக்குப் பூரித்துப்போய்விட்டது. நீங்கள் அந்தச் செத்த ஸ்பாஞ்சைத் தொட்டியில் சிரத்தையாக மாட்டி, மோட்டார் போட்டு, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, முறுக்குப் போசியோடு பஸ் ஏறினீர்கள்.

அதற்குப் பிறகு நான் எப்போது மீன் கேட்டாலும் வெள்ளகோவிலில் அஷ்டமியாக இருந்தது. அடுத்து நவமி. அடுத்து லோடு இறங்குகிறது, அடுத்து பங்காளி வீட்டில் சாவு. நடுவில் ஒருநாள், "தெனமும் ஒரு சிட்டிகை மீன் தீனிய அந்தத் தொட்டியில போட்டு வெய்யுங்க" என்றீர்கள். மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி. ஏதோ சாஸ்திரம் போல என்று நானும் காலையில் குளித்துவிட்டு வந்து பக்தியாகப் போட்டேன். தண்ணீர் கெட்டுப்போகும் என்று சரசு டீ வடிகட்டியால் அதை ஒன்று விடாமல் அள்ளி எடுத்தாள். நான் போட, அவள் எடுக்க, அது ஒரு பூஜை மாதிரியே நடந்தது.

கடைசியில் அவளுக்குத் தாங்கவில்லை. "பொண்ணையே குடுத்துட்டாரு, மீனக் குடுக்க மாட்டேங்கறாரு. நம்ம மேல அவருக்கு என்னமோ மனத்தாங்கல் இருக்குது" என்று கண்ணைக் கசக்கினாள். நித்யா அதைக் கேட்டுக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு நானும் கார்த்தியும் உங்கள் வாசலில் வந்து நின்றோம். வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் நம் ஊரில் யாருக்கும் தெரியாதே. "வாங்க, வாங்க" என்று சாப்பாடு போட்டு, நீங்களே மீன்களைப் பிடித்து மூடி போட்ட வாளியில் விட்டுக் கொடுத்தீர்கள். கார் கிளம்பும்போது ஜன்னலுக்குள் குனிந்து, "தீனி கொஞ்சமாப் போடுங்க. ரொம்பக் கொஞ்சமாங்க" என்றீர்கள். கஞ்சமாக இருக்கிறாரே என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நித்யா பேசினாள் சம்பந்தி. எந்த மீன் எதைச் சாப்பிடும், பெருசு எப்படிக் கண்ணாடியை முட்டும் என்று தொட்டி முன்னால் உட்கார்ந்து சரசுவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சரசு சமையலறைக்குள் வந்து என்னிடம், "பாத்தீங்களா, நின்னுபோச்சு மனசு" என்றாள்.

நாலைந்து நாள்தான். ஒரு காலையில் மூன்றும் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுளெல்லாம் சிவந்திருந்தது. மறுநாள் பெருசு அடியில் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருந்தது. சரசு கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் தொட்டியைச் சுற்றிப் போட்டாள். நித்யா சாப்பிடவில்லை. புகுந்த வீட்டில் நடப்பதைப் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லக் கூடாது என்று அவளை வளர்த்திருக்கிறீர்களே, அதனால் என்னிடம் வந்து, "மாமா, நீங்க அப்பாகிட்டப் பேசுங்களே" என்றாள். அந்த மீன்கள் எங்கள் வீட்டில் செத்துப்போனால் இந்தப் பெண் இந்த வீட்டில் இனி வாயே திறக்கமாட்டாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. பயந்துவிட்டேன்.

பயந்தவன் என்ன செய்ய வேண்டும்? உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் உங்களைக் கூப்பிட்டு முதலில் உடம்பை விசாரித்தேன், பிறகு மழையை விசாரித்தேன்.

"மீனெல்லாம் எப்படிங்க?" என்றீர்கள் நீங்களே.

"அருமையா இருக்குதுங்க. மூணும் மேலயே வந்து வாயத் தொறந்து தொறந்து நம்மளப் பாக்குதுங்க. பெருசு மட்டும் கொஞ்சம் சாஞ்சாப்ல ஓய்வெடுக்குதுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம், "மொதல் பஸ்ஸுக்கு வாரனுங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் வந்த வருகை இன்னும் கண்ணில் நிற்கிறது. வாசலில் நின்று நலம் கேட்கவில்லை. கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. கையில் அதே போசி. நேராகத் தொட்டி முன்னால் போய்க் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, திரும்பாமலே பேசினீர்கள்.

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் செரி. இது செத்த தொட்டிங்க. மீனு திங்குது, கழியுது. அந்தக் கழிசலே அதுக்கு வெசம். அதையத் தின்னு தீக்கறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத உசுருக ஃபில்டர்ல இருக்கோணும். பளைய ஸ்பாஞ்சுல அது கோடி கோடியா இருந்துது. தங்கச்சி சோப்புப் போட்டதுல அத்தனையும் போச்சு. அது மறுக்கா வளரட்டும்னுதான் வெறுந்தொட்டிக்குத் தீனி போடச் சொன்னனுங்க. கல்யாணத்துல பந்தி மேல பந்தி நடக்குது, எலை எடுக்க ஒரு ஆளில்லை. அதுதான் இப்ப உங்க தொட்டி."

சரசு சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். சம்பந்தி வந்து சம்பந்தியம்மாளைக் குற்றம் சொல்லிவிட்டார். நம் ஊரில் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை நின்றுபோக இதைவிடச் சின்னக் காரணமெல்லாம் போதும்.

"அதைய அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னங்கண்ணா?" என்றாள் சரசு.

"எப்படித் தங்கச்சி சொல்றது? தாம்பாளத்துல வெச்சு நீட்டறீங்க."

நித்யா மெதுவாக, "எனக்கும் அன்னைக்கே தெரியுமுங்கத்தை" என்றாள்.

சரசு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குது உங்க மருவாதி. அவரு சொல்லமாட்டாரு, இவ சொல்லமாட்டா. இவரு என்னடான்னா சாகக் கெடக்கற மீன ஓய்வெடுக்குதுங்கறாரு. ஆளாளுக்கு 'ங்க' போட்டே அதையக் கொன்னிருப்பீங்க" என்றாள். முதலில் சிரித்தது நீங்கள்தான். குத்தவைத்த இடத்திலேயே, தோள் குலுங்கக் குலுங்க. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

அதன் பிறகு வேலை நடந்தது. சிறுவாணியே ஆனாலும் மருந்து கலந்த தண்ணீர், ஒருநாள் திறந்து வைத்தால்தான் அந்த மருந்து போகும் என்றீர்கள். தினமும் தண்ணீர் வராத ஊரில் இருப்பதில் ஒரு லாபம், பின்புறம் டிரம்மில் எப்போதும் பழைய தண்ணீர் நிற்கும். தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு அதை ஊற்றினோம். போசியில் உங்கள் தொட்டியின் இன்னொரு ஸ்பாஞ்ச் வந்திருந்தது. உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டு, அதே பழுப்பு, அதே வழவழப்பு. அதை அப்படியே மாட்டி மோட்டாரைப் போட்டதும் என் நீல விளக்குத் தொட்டி முழுக்கத் தேயிலைத் தண்ணீராகிவிட்டது. சரசு இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். கழுவாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விரதம் என்று எனக்குத்தான் தெரியும்.

பெண் கொடுத்த வீட்டில் ராத்தங்கும் வழக்கம் உங்களுக்கு இல்லை. ஆனாலும் தங்கினீர்கள். என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் உட்காருகிற மாதிரி தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவீர்கள், குப்பியில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பீர்கள். பச்சை என்றால் கெடுதல், மஞ்சள் என்றால் நல்லது. முதலில் பச்சையாகவே இருந்தது. வருகிற ஒறம்பரையெல்லாம், "சம்பந்தி இங்கியேதான் இருக்காருங்களா?" என்று என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "மீனுக்கு ஒடம்பு செரியில்ல" என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

ஒருநாள் காலையில் நித்யாவின் குரல் கேட்டது. பல் துலக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்தவள், வாய் நிறைய நுரையோடு, "அப்பா, பெருசு மேல வந்துருச்சு, அத்தை வாங்க, மாமா, மாமா" என்று வீடு முழுக்க ஓடினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எங்களுக்கு அன்றுதான் தெரியும். நீங்கள் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினீர்கள். மஞ்சளாக இருந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது நீங்கள் சொன்னதுதான் நம் ஒப்பந்தம். "மத்ததுக்கெல்லாம் எப்படியோ போவட்டுமுங்க சம்பந்தி. தொட்டி விசயத்துல மட்டும் நேராப் பேசிக்கலாமுங்க." நானும் தலையாட்டினேன். ஆனால் நேராகப் பேசிப் பழகிவிட்டால் அதை எங்கே தொட்டியோடு நிறுத்துவது? அடுத்த மாதமே, "அந்தச் சீரியல் பல்பக் கழட்டுங்க, மீனு தூங்கோணும்" என்றீர்கள். நான் உங்கள் ஸ்கூட்டர் ஓட்டும் அழகைச் சொன்னேன். கார்த்தி இரண்டாவது கடை போட வேண்டும் என்று துள்ளியபோது ஊரே வாழ்த்தியது, நீங்கள் ஒருவர்தான், "பையனுக்கு இன்னும் ஒரு கடையவே பாக்கத் தெரியலீங்க" என்றீர்கள். இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் நானே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்குப் போன் வரும். எடுத்ததும், "தொட்டி விசயமுங்க" என்பீர்கள். பெரும்பாலும் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

உங்களை இங்கே கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். "தேறிட்டீங்க", "அடுத்த வாரம் ஊட்டுக்குப் போயறலாம்". நீங்களும் எல்லோருக்கும் சிரித்தீர்கள், வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னீர்கள். அந்த வாரம்தான் பெருசு செத்துப்போனது. அப்பாவிடம் யாரும் சொல்லக் கூடாது என்று நித்யா எல்லோரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். நீங்கள் ஒவ்வொருவரிடமும் மீனைப் பற்றி விசாரித்தீர்கள். எல்லோரும் சூப்பர் என்றார்கள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தீர்கள்.

"சம்பந்தி, தொட்டி விசயமுங்க."

கட்டில் பக்கம் குனிந்தேன். "பெருசு போயிருச்சுங்க. முந்தாநாள்."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். "தண்ணி?"

"மஞ்சளாத்தானுங்க இருந்துது. ரெண்டு தடவை பாத்தனுங்க. அதுக்கு வயசாயிருச்சுங்க."

"தீனி அளவுக்கு மேல எச்சாப் போட்டிருப்பீங்க."

"இல்லீங்க."

"செரிங்க" என்றீர்கள். கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அப்ப நானுங்க?"

என்னிடம் பொய் நிறைய இருந்தது சம்பந்தி. எல்லாம் நல்ல பொய்கள். எதுவும் வாயில் வரவில்லை. "டாக்டரு எங்ககிட்டச் சொல்லிட்டாருங்க. ஊட்டுக்குப் போறது கஷ்டமுங்க" என்றேன். சொல்லிவிட்டு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள்தான் என்னைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

"நல்லதுங்க. இனி வாரவங்ககிட்டயெல்லாம் சிரிக்க வேண்டியதில்லை. எனக்குக் கன்னமெல்லாம் வலிக்குதுங்க" என்றீர்கள். அப்புறம் நித்யாவைக் கூப்பிடச் சொன்னீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் இருவரும் வெகுநேரம் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

நான் சொன்னது அவளுக்குத் தெரிந்தபோது என்னோடு பேசாமல் இருந்தாள். "செரிங்க மாமா", "இல்லீங்க மாமா" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள். உங்கள் காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம், தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே, "எனக்கும் அப்பா அன்னைக்கு நேராத்தான் பேசுனாரு மாமா. நீங்க சொல்லலீன்னா பேசியிருக்க மாட்டாரு" என்றாள். வாளியை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது தம்பி மகனுக்குப் போக வேண்டிய ஸ்பாஞ்ச் டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு தயாராக இருக்கிறது. அவனை உட்காரவைத்து நேராக நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்பப் போகிறேன். முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

எல்லோரும் என்னை விசாரிக்கிறார்கள். நல்லா இருக்கறனுங்க என்று சொல்லிவிடுகிறேன், அது அவர்களுக்குப் போதும். உங்களுக்கு அப்படி எழுத முடியாது. தொட்டியில் மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. உங்கள் மகள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறாள், சில நாள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். சரசு முறுக்குச் சுட்டால் உங்கள் பங்கை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கையை உதறிக்கொள்கிறாள். நான் நன்றாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இல்லாதது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை சம்பந்தி.